மூணாம் ஐஸ்

அந்த வெள்ளிக்கிழமை அம்மா வெறும் கூடையோடு திரும்பி வந்தாள்.

ஃப்ளோரன்ஸுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை என்றால் அந்த வீட்டில் மீன்தான். காலைப் பூசை முடிந்ததும் அம்மா சாந்தோம் கோயில் வாசலிலிருந்து அப்படியே நொச்சிக்குப்பத்துப் பக்கம் நடந்துவிடுவாள். அங்கே சாலையோரத்தில் தேசம்மாவின் பலகை. பத்து நிமிஷம் பேரம், ஐந்து நிமிஷம் ஊர்க்கதை, அப்புறம் கூடை நிறைய சங்கராவோ நெத்திலியோ. அப்பா இறந்த வருஷத்தில்கூட அந்த வழக்கம் நின்றதில்லை. அம்மா பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகிறது. தேசம்மாவுக்கு அவள் இன்னும் டீச்சரம்மாதான்.

வயர் கூடையை ஆணியில் மாட்டிவிட்டு, "இன்னைக்கு முட்டைக் குழம்பு" என்றாள் அம்மா.

"ஏம்மா, கடல்ல மீன் தீந்துபோச்சா?" கண்ணாடி முன்னால் புடவைக்குக் கொசுவம் வைத்துக்கொண்டிருந்த ஃப்ளோரன்ஸ் திரும்பாமலே கேட்டாள்.

"மீனுக்கென்ன. தேசம்மா பலகை நிறைய வெச்சுட்டு ஈ ஓட்டிட்டு இருக்கா. வாங்க ஆளில்ல. இப்படியே இன்னும் ரெண்டு வாரம் போனா பலகையத் தூக்கிட்டு பாலவாக்கத்துல தங்கச்சி வீட்டுக்கே போயிடுவேங்குறா. இருபத்திரெண்டு வருஷமா இருக்கிற இடம். பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா எனக்கும் மனசு வரல, ஃப்ளோரி." குரலை இறக்கினாள். "அதெல்லாம் மூணாம் ஐஸ் மீனாம்."

விரலிடுக்கிலிருந்த கொசுவம் அத்தனையும் நழுவிக் காலடியில் விழுந்தது.

"என்ன ஐஸ்?"

"மூணாம் ஐஸ். ஊர்ல நடக்குற பேச்சையெல்லாம் ஆராய்ச்சி பண்றேன்னு சொல்ற, இது தெரியாதா உனக்கு? மார்ச்சுவரில பொணத்துக்கு வெச்ச ஐஸை வெளிய தள்ளுவாங்களாம். அதை அள்ளிட்டு வந்து மீன் மேல கொட்டுறாங்களாம். முதல் ஐஸ் மருந்துக்கு, ரெண்டாவது பொணத்துக்கு, மூணாவது மீனுக்கு. பூசைல நம்ம ஷெரில்தான் சொன்னா. அவ அண்ணன் துபாய்லருந்து போன் பண்ணிச் சொன்னானாம், ரோட்டோர மீன் வாங்காதீங்கன்னு."

"துபாய்ல இருக்கிறவனுக்கு நொச்சிக்குப்பத்து ஐஸ் எப்படிம்மா தெரியும்?"

"கம்ப்யூட்டர்ல வந்துச்சாம்."

ஃப்ளோரன்ஸ் குனிந்து புடவையை அள்ளினாள். முதலில் வந்தது பயம் என்று பின்னால் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள அவள் எவ்வளவோ முயன்று பார்த்தாள். நடந்தது அப்படியில்லை. முதலில் வந்தது பெருமை. ஒரு கணம்தான், தீக்குச்சி உரசி அணைகிற நேரம். துபாய் வரைக்கும் போய்விட்டதா என் வார்த்தை, என்று. பயம் அதன் பிறகுதான்.

ஏனென்றால் மூணாம் ஐஸ் என்ற சொல் அதற்கு முன் எந்த வாயிலும் இருந்ததில்லை. அதை உண்டாக்கியவள் அவள். ஐந்து மாதம் முன்பு, ஜனவரியில், இதே சமையல்கட்டில்.

அடையாறில் ஒரு வீட்டு மாடியில் இருந்தது அவள் வேலை பார்த்த ஆய்வு மையம். ஆள் நாலு பேர், கம்ப்யூட்டர் ஒன்று. வதந்தி எப்படிப் பிறக்கிறது, எந்த வழியாக நடக்கிறது, இப்போது புதிதாக வந்திருக்கிற இ-மெயில் அதன் காலுக்குச் சக்கரம் கட்டுகிறதா என்று பார்க்க ஒரு வருஷத் திட்டம். தலைவர் சிதம்பரநாதன், பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே வந்த பேராசிரியர். மயிலாப்பூரில் இருநூற்றுப் பத்து வீடுகளில் கேட்க ஒரு கேள்வித்தாள் தயாரிக்கச் சொல்லியிருந்தார். ஊரில் உலவுகிற இருபது வதந்திகளை எழுதி, இதைக் கேள்விப்பட்டீர்களா, யாரிடமிருந்து, எப்போது என்று கேட்க வேண்டும்.

"அதுல ஒண்ணு மட்டும் சுத்தப் பொய்யா இருக்கணும், ஃப்ளோரன்ஸ். எங்கேயும் பிறந்திருக்கக் கூடாது. அதையும் 'ஆமா, கேள்விப்பட்டேன்'னு சொல்றவர் எதைக் கேட்டாலும் ஆமா போடுறவர். அவர் தாளைத் தள்ளி வெச்சிடலாம்." அந்தக் கேள்விக்கு அவர் வைத்த பெயர் எலிப்பொறி.

சுத்தப் பொய் ஒன்று செய்வது அவ்வளவு லேசில்லை. ஒரு வாரம் ஃப்ளோரன்ஸ் திண்டாடினாள். எதை யோசித்தாலும் அது ஏற்கெனவே ஊரில் இருந்தது. அம்மாவிடம் சொல்லிப் பார்ப்பாள். "அடப்போடி, அது போன வருஷமே கேட்டதாச்சே" என்பாள் அம்மா. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா மீன் அலசிக்கொண்டிருந்தாள். முதல் தண்ணீர் நாற்றத்துக்கு, இரண்டாம் தண்ணீர் இரத்தத்துக்கு, மூணாம் தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு. "மூணாம் தண்ணியைக் கொண்டுபோய் ஊத்து" என்று அம்மா பாத்திரத்தை நீட்டியபோது, அந்த ‘மூணாம்’ ஃப்ளோரன்ஸின் மனசில் மீன்முள் மாதிரி குத்தி நின்றது. செடிக்குத் தண்ணீர் ஊற்றி முடிப்பதற்குள் முழுக் கதையும் வந்துவிட்டது. மருந்து, பிணம், மீன். மீன்காரர்களுக்குள் புழங்குகிற சொல் போலவே இருந்தது.

"அம்மா, மூணாம் ஐஸ்னு கேள்விப்பட்டிருக்கியா?"

விவரம் கேட்டு அம்மா முகத்தைச் சுளித்தாள். "சீ. அப்படியெல்லாமா செய்வாங்க? நான் கேட்டதே இல்லை."

அது போதும் என்று ஃப்ளோரன்ஸ் பதினாலாம் கேள்வியை எழுதினாள். இருநூற்றுப் பத்துப் பேரில் ஒன்பது பேர் ‘ஆமாம்’ என்றார்கள். அந்த ஒன்பது தாள்களிலும் சார் சிவப்புக் கோடு போட்டார். ‘இல்லை’ என்று சொன்ன இருநூற்றோரு பேரும் அன்றைக்குத்தான் அதை முதன்முதலாகக் கேட்டுக்கொண்டார்கள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. அவளுக்கும்தான்.

"உனக்கு ஜனவரியிலயே நான்தானேம்மா இதைச் சொன்னேன்?"

"நீயா? நீ எப்ப சொன்ன? ஷெரில்தான்டி சொன்னா." அம்மா முட்டையை வேகப்போட்டுக்கொண்டே நிச்சயமாகச் சொன்னாள்.

*

மையத்தில் அன்று கொண்டாட்டம். ஹம்சா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கையைத் தட்டிக்கொண்டிருந்தாள். மடவீதிப் பெண், வயது இருபத்தாறு; மோடம் கத்துகிற கத்தலை வைத்தே லைன் கிடைக்குமா கிடைக்காதா என்று சொல்லிவிடுவாள். ‘மயிலை வட்டம்’ என்றொரு மெயில் குழு; மயிலாப்பூர்க்காரர்கள், இங்கே இருப்பவர்களும் வெளிநாடு போனவர்களுமாக நானூறு பேர் அதில். அதில் வருகிற அத்தனை மடலையும் படிப்பது ஹம்சாவின் வேலை.

"ஃப்ளோரன்ஸ், ஓடி வாங்கோ. நியூஜெர்ஸில மயிலாப்பூர் கரண்ட்!"

"என்ன சொல்ற?"

"மீன் ஐஸ் விஷயமா மூணு பேர் மாத்தி மாத்தி எழுதறா, பாத்தேளா. டாக்டர் குருபிரசாத், சிங்கப்பூர். அனிருத், அடையாறு காலேஜ் ஸ்டூடண்ட். வர்ஷினி, நியூஜெர்ஸி. அந்த வர்ஷினி செவ்வாய்க்கிழமை என்ன எழுதியிருக்கா தெரியுமோ? 'கார்த்தாலேர்ந்து கரண்ட் இல்லை, இப்போதான் வந்தது, பதில் லேட்டானதுக்கு மன்னிக்கவும்.' எங்காத்துலயும் அன்னிக்கு அதே நேரத்துக்குத்தான் கரண்ட் வந்தது. அமெரிக்காவுக்கு எங்க தெரு டிரான்ஸ்ஃபார்மர்லேர்ந்தா ஒயர் இழுத்திருக்கா?"

மூன்று பேரின் மடல்களும் ஒரே இணைப்பிலிருந்து வருவதை ஹம்சா கண்டுபிடித்திருந்தாள்; மூன்று பேரும் ஒரே ஆள். மே மாதத்தில் குழுவில் இந்தப் பேச்சை முதலில் எடுத்த ஸ்ரீரங்கன், மயிலாப்பூர்க் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். சாலையோர மீன் வியாபாரத்தை அங்கிருந்து எடுக்கச் சொல்லி அவர் சங்கம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறது என்பதும் அந்த மடல்களில் இருந்தது.

சிதம்பரநாதன் அறைக்குள் நாலு நடை நடந்தார். "ஒருத்தர், மூணு வேஷம், திட்டம் போட்டு ஒரு பொய்யை நட்டுத் தண்ணி ஊத்தியிருக்கார். இனிமே உலகம் பூரா இதுதான் நடக்கப்போவுது, பாருங்க. நாம முதல்ல புடிச்சிருக்கோம். இதுதான் நம்ம கட்டுரை." ஃப்ளோரன்ஸின் பக்கம் திரும்பினார். "நீ போய் அவரைப் பாரு. எங்கே ஆரம்பிச்சார்னு அவர் வாயாலேயே வாங்கிட்டு வா."

‘சார், பதினாலாம் கேள்வி’ என்று சொல்ல வாயெடுத்தாள். சாரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் பார்த்ததே இல்லை. ஹம்சா வேறு டீ வாங்கி வர ஆளனுப்பிக்கொண்டிருந்தாள். முகவரியை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். அவர் கவனித்திருக்க வேண்டாமா, அவர்தானே தாளைப் படித்து ஒப்புதல் கொடுத்தார், என்று பஸ்ஸில் போகும்போது நினைத்தாள். அடுத்த நிறுத்தத்துக்குள் அந்த நினைப்பைப் பார்த்துக் கூசினாள். உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனாள். உட்கார்ந்தால் ஏதோ ஒன்றை ஒத்துக்கொண்டதாகிவிடும் போலிருந்தது.

*

ஸ்ரீரங்கனை வெறுப்பதற்குத் தயாராகத்தான் போனாள். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒல்லியான மனுஷர், நெற்றியில் காலையில் இட்ட ஸ்ரீசூர்ணம் கலையாமல் இருந்தது.

"வாம்மா, வா. மாமி கடைக்குப் போயிருக்கா. காபி நான்தான் போடணும். குடிக்கிற மாதிரி இருக்காது, ஆனா சூடா இருக்கும்."

கூடத்தில் கம்ப்யூட்டருக்குப் பூவேலை செய்த துணி போர்த்தியிருந்தது. காபியை வாங்கிக்கொண்டு அவள் நேராகக் கேட்டாள்.

"வர்ஷினி யார் சார்?"

அவர் காது மடல் சிவந்தது. அப்புறம் சிரித்துவிட்டார். "எம் பேத்தி. ஜெர்ஸில இருக்கா. நாலு வயசு."

"குருபிரசாத்?"

"மாப்பிள்ளை. டாக்டர்தான். பல்லுக்கு."

"அனிருத்?"

"அவன் இன்னும் பொறக்கலை. அடுத்தது பையனா இருந்தா அந்தப் பேர்தான்னு சொல்லிண்டிருக்கா."

ஃப்ளோரன்ஸுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "ஏன் சார் இப்படி?"

"நான் ஒருத்தன் சொன்னா கிழம் புலம்பறதுங்கறா, அம்மா. ரோட்டு விளக்கைப் பத்தி எழுதினேன், சாக்கடையைப் பத்தி எழுதினேன். ஒருத்தன் பதில் போடலை. மூணு பேர் சொன்னா விஷயம்ங்கறா. மூணு பேரானேன். உடனே நானூறு பேரும் முழிச்சுண்டுட்டா."

"ஆனா பொய்யாச்சே சார் அது."

"பேர் பொய். ஒத்துக்கறேன். விஷயம் பொய்யில்லையே." எழுந்து அலமாரியைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தார். "கையெழுத்துப் போடற எந்தக் காகிதத்துக்கும் ஒரு காப்பி எடுத்து வெச்சுப்பேன். முப்பது வருஷ ஆபீஸ் பழக்கம். இதோ பாரு. உங்க சென்டர் முத்திரை. பதினாலாம் கேள்வி. ஒரு ஆராய்ச்சி நிலையம் வீடு வீடா வந்து கேக்கறதுன்னா சும்மாவா கேப்பா? நெருப்பில்லாம புகையுமா? அன்னிக்கு வந்த பொண்ணு கேட்டா, நான் 'இல்லை'ன்னு சொன்னேன். அதுக்கப்புறம் நாலு மாசம் யோசிச்சுண்டே இருந்தேன். சைவம் சாப்பிடறவன் நான், எனக்கென்ன போச்சு? சாப்பிடறவாளுக்குச் சொல்லணுமோல்லியோ?"

கேள்விக்குக் கீழே ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். சிதம்பரநாதன் போட்ட சிவப்புக் கோடுகள் நினைவுக்கு வந்தன.

"சார்," என்றாள். "அது நான் கட்டின பொய். அப்படி ஒரு ஐஸே கிடையாது. யார் நிஜம் சொல்றாங்கன்னு பாக்கறதுக்காக நானே சமையல்கட்டுல நின்னு யோசிச்சு எழுதினது."

ஸ்ரீரங்கன் அவளையே பார்த்தார். அவர் கண்ணில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது இரக்கம்.

"யாரும்மா உன்னை இப்படிச் சொல்லச் சொன்னா?" என்றார் மெதுவாக. "மேலேர்ந்து பிரஷர் வந்திருக்கு, இல்லையா? பயப்படாதே. உன் பேரை நான் எங்கேயும் எழுத மாட்டேன்."

*

பதினாலாம் கேள்வியையும் தேசம்மாவின் பலகையையும் ஃப்ளோரன்ஸ் சொன்னபோது சிதம்பரநாதன் முதலில் சிரித்தார். "எலிப்பொறியில நாமளே மாட்டிக்கிட்டோமா?" அப்புறம் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"மூணு பொய்ப்பேர் இருக்கறது நிஜம்தானே?"

"நிஜம்தான் சார்."

"திட்டமிட்டுப் பரப்பினது நிஜம்தானே? ஒரே மாசத்துல துபாய் வரைக்கும் போனது நிஜம்தானே? எங்க ஆரம்பிச்சதுங்கிறது ஒரே ஒரு வரி, ஃப்ளோரன்ஸ். அந்த வரியை மட்டும் விட்டுடலாம்."

"அந்த ஒரு வரியைத் தேடித்தானே சார் இத்தனை நாள் அலைஞ்சோம்."

"அதை எழுதினா கட்டுரை இல்ல. கட்டுரை இல்லேன்னா அடுத்த வருஷம் இந்த மாடியில வேற யாராவது டியூஷன் எடுத்துக்கிட்டிருப்பாங்க. ஹம்சா, நீ, எல்லாரும் எங்க போவீங்க?" அவர் குரலில் மிரட்டல் இல்லை. அதுதான் சங்கடம். "அந்த மீன்காரம்மாவுக்கு நீ என்ன செய்யணுமோ செய். கட்டுரைக்குள்ள அவங்களை ஏன் கொண்டு வர்ற?"

அன்றே ஹம்சாவை லைன் போடச் சொல்லி, மயிலை வட்டத்துக்குத் தன் சொந்தப் பெயரில் எழுதினாள். நான் ஃப்ளோரன்ஸ். மூணாம் ஐஸ் என்பது என் கற்பனை. ஒரு கேள்வித்தாளுக்காகச் செய்தது. நொச்சிக்குப்பத்து மீனில் எந்தக் குறையும் இல்லை. தயவுசெய்து நம்புங்கள்.

"சார் கோவிச்சுக்க மாட்டாரா?" என்றாள் ஹம்சா.

"கோவிச்சுக்கட்டும். அனுப்பு."

திங்கட்கிழமை காலையில் பதினேழு பதில்கள் வந்திருந்தன. ஹம்சா படித்துக்கொண்டே போனாள். போகப்போக அவள் குரல் சுருதி இறங்கியது.

"'யார் இந்த ஃப்ளோரன்ஸ்? திடீரென்று முளைத்திருக்கிறார்.' 'நம் வர்ஷினி மாதிரி நேர்மையானவர்களின் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள்.' 'மறுக்கிற வேகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.' 'சாந்தோம்காரர் போலிருக்கிறது, மீன்காரர்களுக்கு வேண்டியவராக இருப்பார்.'" நிறுத்தினாள். "ஃப்ளோரன்ஸ், இன்னொண்ணு. போன வாரம் வரைக்கும் இது வெறும் மூணாம் ஐஸ். இப்போ 'ஃப்ளோரன்ஸ் மறுத்த மூணாம் ஐஸ்'னு தலைப்புப் போட்டுண்டு மறுபடி சுத்தறது. நாம தெரியாத்தனமா இன்னொரு ரவுண்டு விட்டுட்டோம்."

ஃப்ளோரன்ஸ் ஜன்னல் பக்கம் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். என்னை நம்பவில்லையே என்ற ஆத்திரத்துக்கு அடியில் இன்னொன்று அசைந்துகொண்டிருந்ததை அவள் மட்டும் அறிவாள். என் பொய்யை நம்புகிறார்கள், என்னை நம்பவில்லை. அவ்வளவு நன்றாகவா செய்திருக்கிறேன் அதை? இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்க முடியாது. பாவசங்கீர்த்தனக் கூண்டில்கூட இதற்கொரு பேர் சொல்லி முட்டி போட முடியும் என்று தோன்றவில்லை.

*

அடுத்த வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகுமுன் நொச்சிக்குப்பத்துக்குப் போனாள்.

தேசம்மாவின் பலகையில் பாதிதான் மீன். மீதிப் பலகையில் கோணி போட்டு மூடியிருந்தது. பின்னால் மணலில் படகுகள். வலையை உதறிக்கொண்டு நாலைந்து பேர் சத்தமாக ஏதோ ஒரு சீட்டாட்டச் சண்டையைத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சரம்மா பொண்ணு! இன்னா, அம்மாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா? போன வாரம் வந்து பாத்துக்கினே போயிட்டாங்க. ஒரு கானாங்கெளுத்திய எடுத்து நீட்டினேன், பாம்பப் பாத்த மாதிரி கையை இழுத்துக்கினாங்க."

"அக்கா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

சொன்னாள். கேள்வித்தாள், மூணாம் தண்ணீர், கறிவேப்பிலைச் செடி, பதினாலாம் கேள்வி, அனைத்தையும். தேசம்மா அருவாமனையில் மீன் செதிலைச் சீவியபடியே கேட்டாள். ஃப்ளோரன்ஸ் சொல்லி முடித்த பிறகும் இரண்டு மீன் சீவினாள்.

"நீயா?"

"நான்தான்."

"நீ வெச்ச பேரா அது?"

"ஆமாக்கா."

"அடிப்பாவி." கத்தவில்லை. பக்கத்துப் பலகைக்காரியிடம் திரும்பி, "இன்னாமே, கேட்டியா? இந்தப் பொண்ணுதானாம்" என்றாள். பிறகு ஃப்ளோரன்ஸைப் பார்த்தாள். "எம் மீனு ஐஸையே பாத்ததில்லடி. வெடிகாலைல கட்டுமரத்துலேர்ந்து எறங்குது, மதியத்துக்குள்ள வித்துப்புடும். ஐஸ் வாங்க எனக்கின்னா கேடு? ஒண்ணாம் ஐஸே இல்லாதவகிட்ட மூணாம் ஐஸு எங்கேர்ந்து வந்துச்சு? எழுதுறதுக்கு முன்ன ஒரு தபா வந்து கேட்டிருந்தியான்னா நானே சொல்லியிருப்பேனே."

ஃப்ளோரன்ஸ் பலகையைப் பார்த்தாள். மீன் இருந்தது, தண்ணீர் தெளித்த ஈரக் கோணி இருந்தது. ஐஸ் எங்கும் இல்லை. இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை அம்மாவோடு இங்கே வந்து நின்றிருக்கிறாள். இது ஒருநாளும் கண்ணில் படவில்லை.

"கம்ப்யூட்டர்ல எழுதிட்டேன்க்கா, பொய்னு. யாரும் நம்பல."

"கம்ப்யூட்டரா எங்கிட்ட மீனு வாங்குது? இங்க வந்து நில்லு. எம் பக்கத்துல. வர்றவங்க போறவங்க கேட்டா, உன் வாயால, மூஞ்சியக் காட்டிச் சொல்லு. நீ கட்டின கதைய நீயே அவுத்துட்டுப் போ."

"வேலைக்குப் போகணும்க்கா."

"நானும் வேலைக்கித்தான் வந்துகிறேன்."

ஃப்ளோரன்ஸ் கைப்பையைக் கோணி மேல் வைத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு நின்றாள்.

முதலில் ஸ்கூட்டரில் வந்தவர் நின்று கேட்டார். "இது மூணாம் ஐஸ் மீனில்லையே?" அவள் சொன்னாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இவ்வளவு படிச்சவங்க எதுக்கும்மா இங்க நிக்கிறீங்க? அப்போ ஏதோ இருக்கு." போய்விட்டார். அடுத்து வந்த இரண்டு பெண்களும் பொறுமையாகக் கேட்டார்கள், தலையாட்டினார்கள், வாங்காமல் போனார்கள். பத்து மணிவரை நின்றாள். ஒரே ஒருவர்தான் வாங்கினார். அவர் ஊருக்குப் புதுசு, எதையும் கேள்விப்படாதவர்.

"அடுத்த வெள்ளிக்கிழமையும் வா" என்றாள் தேசம்மா. "சும்மா கெடக்கிற வாய்தானே."

அந்த வாரம் முழுக்க ஃப்ளோரன்ஸ் பதினாலாம் கேள்வியைப் பற்றி நாலு பக்கம் எழுதினாள். எப்படி வந்தது, யார் எழுதியது, எப்படி இருநூறு வீட்டுக்குள் நுழைந்தது என்று. முதலில் பெருமைப்பட்டேன் என்ற வரியை எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள். சிதம்பரநாதன் மேஜையில் வைத்தாள். "இது உள்ள இருந்தாத்தான் சார் கட்டுரையில என் பேர் இருக்கணும்." அவர் படித்தார். அதன்மேல் பேப்பர்வெயிட்டை வைத்தார். அடுத்த வெள்ளியும் அவள் தாமதமாக வந்தபோது எங்கே என்று கேட்கவில்லை. நாலு பக்கமும் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் அப்படியே இருந்தன.

அந்த இரண்டாம் வெள்ளியும் முதல் வெள்ளியைப் போலத்தான் போயிற்று. தங்கச்சிக்குச் சொல்லியனுப்பிவிட்டதாகத் தேசம்மா சொன்னாள். பாலவாக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை காலியாக இருக்கிறதாம்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை ஃப்ளோரன்ஸ் போய்ச் சேர்ந்தபோது பலகையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஏதோ தகராறு என்று நினைத்தாள். அவளைக் கண்டதும் கூட்டம் விலகி வழிவிட்டது. யாரோ, "இவங்கதான், இவங்கதான்" என்றார்கள். ஒரு அம்மாள் அவளைப் பார்த்துக்கொண்டே, "அரைக் கிலோ சங்கரா போடு" என்றாள் தேசம்மாவிடம். இன்னொருத்தி நெத்திலி கேட்டாள். கோணியை எடுத்துவிட்டிருந்தாள் தேசம்மா. பலகை முழுக்க மீன்.

"இன்னாக்கா இது?" ஃப்ளோரன்ஸுக்கே அந்தப் பாஷை வந்துவிட்டது.

"உன்னப் பாக்கத்தான்." தேசம்மா அவள் காதருகே வாயைக் கொண்டுவந்தாள். "மார்ச்சுவரில பெரிய வேலைல இருந்தியாம். ஐஸு களவு போறதப் புடிச்சியாம். மேலதிகாரி உன்ன வெரட்டிட்டானாம். அதுல புத்தி கலங்கி, மீனு பலகை மீனு பலகையா நின்னு, இது நல்ல மீனு, இது கெட்ட மீனுன்னு மோந்து பாத்துச் சொல்றியாம். எம் பலகைல நின்னா அது நல்ல மீனாம்."

"ஐயோ. யார் சொன்னா இப்படி?"

"யாரோ சொன்னாங்க. உனக்குத் தெரியாத தொழிலா?"

அவள் உடம்பு முழுக்க எறும்பு ஊர்வது போலிருந்தது. இது பொய். முழுப் பொய். பேர் வேண்டும், தேதி வேண்டும், யார் வாயிலிருந்து முதலில் வந்தது என்று தெரிய வேண்டும். ஹம்சாவிடம் சொல்லி மயிலை வட்டத்தைத் துழாவ வேண்டும். கூட்டத்துக்கு ஓரத்தில் தெரிந்த வயர் கூடை ஒன்று. அம்மா. பார்க்காதது போல நின்றுகொண்டு ஒரு வஞ்சிரத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவளும் கேள்விப்பட்டுத்தான் வந்திருக்கிறாளா, அல்லது அவள்தானா இதை முதலில் சொன்னது? அம்மாவின் முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை.

காரிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண்மணி நேராக ஃப்ளோரன்ஸ் முன்னால் வந்து நின்றாள். மெல்லிய குரலில், நோயாளியிடம் பேசுவது போல, கேட்டாள்.

"நீங்கதானேம்மா அந்த மார்ச்சுவரில இருந்து, பாவம், மனசு உடைஞ்சு வந்தவங்க?"

ஃப்ளோரன்ஸ் வாயைத் திறந்தாள். பக்கத்தில் தேசம்மாவின் அருவாமனைச் சத்தம் நின்றது. இடுப்பில் தேசம்மாவின் விரல் அழுத்தமாக இடித்தது.

"செவுளைப் பாருங்க" என்றாள் ஃப்ளோரன்ஸ். "செக்கச்செவேல்னு இருக்கு."